ஓரத்து வெள்ளை

அந்த வெள்ளைத் திட்டு மறுபடியும் வந்துவிட்டது. முழுக் கறுப்பாக அச்சாக வேண்டிய தாளின் இடது ஓரத்தில், கட்டைவிரல் அகலத்துக்கு, யாரோ நக்கிவிட்டுப் போன மாதிரி. சனியன்! கசக்கி எறிந்தேன். எறிந்த பிறகுதான் எல்லாத் தாளையும் பத்திரப்படுத்த வேண்டும் என்பது ஞாபகம் வந்தது. குனிந்து எடுத்து, மேசையில் வைத்து நீவினேன்.

எங்கள் பிரிவுக்கு வேலை ஒன்றே ஒன்றுதான். லேசர் பிரிண்டருக்குள் சுழலும் டிரம்மின் மேல் டோனர் என்கிற மைப்பொடி மின்னூட்டத்தால் ஒட்டிக்கொண்டு எழுத்தாக நிற்கும். தாள் அதை ஒட்டிப் போகும்போது, தாளுக்கு அடியில் இருக்கிற ரப்பர் உருளை எதிர் மின்னூட்டத்தால் பொடியை இழுத்துத் தாளில் இறக்க வேண்டும். அந்த உருளைதான் எங்கள் பொறுப்பு. பொடி இறங்காத இடம் வெள்ளை. அவ்வளவுதான் சங்கதி. சரிசெய்யப் போன எங்கள் ஆறு பேருக்கும்தான் மண்டை காய்ந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலை தலைமை அலுவலகத்து ஆட்கள் வருகிறார்கள். அவர்கள் கண்ணெதிரே திட்டில்லாமல் அச்சானால் பிரிவு பிழைக்கும். இல்லையென்றால் இந்த உருளையை வெளியே வாங்கிக்கொள்வார்கள், எங்களுக்குப் பூட்டு. என் பாடு எப்படியோ போகட்டும், வீட்டுக்காரர் சம்பளத்தில் சமாளித்துவிடுவோம். என் கவலையெல்லாம் என் தம்பிதான். வேறு இடத்தில் நிம்மதியாக இருந்தவனை, "வாடா, நான் இருக்கேன்ல" என்று இழுத்து வந்து இங்கே சேர்த்துவிட்டவள் நான். அவன் மனைவிக்கு இது ஒன்பதாம் மாதம்.

அவனோ நாற்காலியைப் பின்னால் சாய்த்துக்கொண்டு பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான்.

"அக்கா, கொஞ்சம் உக்காரு. காலைலேர்ந்து நின்னுட்டே இருக்கே."

"உக்காந்தா திட்டு போயிடுமா? வாயை மூடிட்டு வோல்டேஜை ஏத்து."

"ஏத்தினா பொடி சிதறும். எழுத்துக்கெல்லாம் தாடி முளைச்ச மாதிரி வரும். நேத்தே பார்த்தோமே."

"ஓரத்துல வருதுன்னா ஸ்பிரிங்குதான்மா, சந்தேகமே வேணாம்" என்றார் ஸ்பிரிங் அண்ணன். அவர் மெக்கானிக். வீட்டில் பால் பொங்கி வழிந்தாலும் ஸ்பிரிங்கைத்தான் குறை சொல்வார். பெயர் அப்படி வந்ததுதான். உருளையின் இரண்டு முனையிலும் ஸ்பிரிங் மாற்றியாகிவிட்டது. உருளையையே மாற்றியாகிவிட்டது. ஒருநாள் முழுக்கத் திட்டே வராது. மேலாளர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனால் அன்றைக்கு வரிசையாக வரும். அந்த மனுஷன் கண்ணுதான் என்று நாங்கள் சொல்லிச் சிரித்த காலமும் உண்டு. இப்போது யாரும் சிரிக்கவில்லை.

எனக்கு அழுகை முட்டியது. இவர்கள் முன்னால் அழக் கூடாது என்று கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, ஆசை தீர அழுது, முகம் கழுவித் துடைத்துவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் பிரிண்டர் வாயிலிருந்து தாள் தாளாக விழுந்துகொண்டிருந்தது. ஒன்றில்கூடத் திட்டு இல்லை.

"என்னடா மாத்தினே?"

"ஒண்ணும் மாத்தல."

"பொய் சொல்லாதே. எதையாவது நோண்டியிருப்பே."

"சத்தியமா இல்லக்கா. தாள் தீர்ந்துபோச்சு, வச்சேன். அவ்வளவுதான்."

தாள் வைப்பதை மட்டும் நான் யாருக்கும் விட்டதில்லை. தாள் கட்டை இரண்டு கையாலும் வளைத்து, கட்டைவிரலால் ஓரங்களை விசிறிவிட்டு, தட்டி நேராக்கி வைக்க வேண்டும். மற்றவர்கள் வைத்தால் கோணலாகப் போகும் என்பது என் எண்ணம். அவன் வைத்ததை வெடுக்கென்று உருவிவிட்டுப் புதுக் கட்டு ஒன்றை நானே வைத்து ஓட்டினேன். முதல் தாளிலேயே திட்டு. அவன் வைத்தான், சுத்தம். நான் வைத்தேன், திட்டு. அவன் பிஸ்கட்டை மெல்லுவதை நிறுத்தினான்.

"அக்கா, கையைக் காட்டு."

உள்ளங்கை குளித்துவிட்டு வந்தது போல் வியர்த்திருந்தது. சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். பயம் வந்தால் எனக்குக் கையில்தான் தெரியும். அவன் என் கட்டைவிரலைப் பிடித்துத் திட்டின் மேல் வைத்தான். அப்படியே பொருந்தியது. ஈரம் பட்ட இடத்தில் தாள் மின்னூட்டத்தைப் பிடித்து வைக்காது, கசியவிடும். பொடி டிரம்மிலேயே தங்கிவிடும். இது எனக்குத் தெரியாத பாடமா? இந்த அறைக் காற்றின் ஈரத்தைக்கூட விடாமல் அளந்தவள்தானே நான். என் கையை அளக்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை. பயந்தேன், வியர்த்தது, திட்டு வந்தது; திட்டைப் பார்த்து இன்னும் பயந்தேன். ஐயோ, தலையில் அடித்துக்கொள்வதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தேன்.

மேலாளரிடம் ஓடினோம். கேட்டதும் அவர் முகத்தில் விளக்கு எரிந்தது.

"அப்போ மெஷின்ல குறையே இல்ல! நாளைக்கு நீங்க கையைக் கட்டிட்டு நில்லுங்க. உங்க தம்பி வைக்கட்டும்."

"சார், வாங்குறவங்களுக்கும் கை இருக்கே, வியர்க்குமே! தாள் ஈரமா வந்தா உருளையே அதைத் தெரிஞ்சுக்கிட்டு மின்சாரத்தை மாத்திக்கணும். செஞ்சிடலாம் சார். ரெண்டு வாரம் அவகாசம் கேளுங்க. காரணம்தான் தெரிஞ்சுபோச்சே, குடுப்பாங்க."

"அவகாசம் கேட்டா பூட்டைக் கையோட எடுத்துட்டு வருவாங்கம்மா. முதல்ல நாளைக்குப் பொழைப்போம். மிச்சத்தை அப்புறம் பாத்துக்கலாம்."

"கையுறையாவது போட்டுக்கட்டும் சார்."

"எதுக்குக் கையுறைன்னு அவங்க கேட்டா?"

தம்பி மனைவியின் வயிறு கண்ணில் வந்து நின்றது. தலையாட்டிவிட்டேன்.

"விடுக்கா" என்றான் தம்பி, வெளியே வந்ததும். "என் கை பாலைவனம். ஒரு சொட்டு தேறாது."

மறுநாள் மூன்று பேர் வந்தார்கள். கண்ணாடி போட்ட ஒரு அம்மாள்தான் அவர்களில் பெரியவர். தம்பி சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு வந்திருந்தான். ஸ்பிரிங் அண்ணனைக் கேலி செய்துகொண்டே தாள் கட்டை எடுத்தான். நான் வைப்பது போலவே விசிறி, தட்டி, வைத்தான். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

முதல் தாள் வந்தது. இடது ஓரத்தில் வெள்ளை.

இரண்டாவதில் வலது ஓரத்திலும். அப்புறம் வந்ததெல்லாம் அப்படியே.

"தாள்ல ஏதோ கோளாறு மேடம்" என்று மேலாளர் வழிந்தார்.

"வேற கட்டு வைங்க" என்றார் அந்த அம்மாள்.

தம்பி வேறு கட்டு வைத்தான். திட்டு இன்னும் பெரிதாக வந்தது. நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அதே அரைச் சிரிப்புத்தான். கைகள் இரண்டும் பேன்ட் பைக்குள் போயிருந்தன.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அதற்கு மேல் என்னால் சும்மா நிற்க முடியவில்லை.

"மேடம், இது கை வியர்வை. காரணம் கண்டுபிடிச்சிட்டோம். ரெண்டே வாரம் குடுங்க, சரி பண்ணிடுவோம்."

"எப்போ கண்டுபிடிச்சீங்க?"

"நேத்து."

அவர் மேலாளரைப் பார்த்தார். மேலாளர் ஜன்னலைப் பார்த்தார்.

"நேத்தே சொல்லியிருந்தா குடுத்திருப்பேன்மா" என்றார் அந்த அம்மாள். கோபம்கூட இல்லை அந்தக் குரலில். "தெரிஞ்சே மறைச்சு ஓட்டிக் காட்டினவங்களை நம்பி நான் என்ன செய்ய? கொஞ்சம் வெளியே இருங்க."

நடைபாதையில் நின்றோம். நான் அவன் கையைப் பையிலிருந்து பிடித்து இழுத்தேன். என் கையைவிட மோசம். பேன்ட் துணியே நனைந்திருந்தது.

"பாலைவனம்னியேடா, பாவி!"

"பயம் ரெண்டு மாசமா இருக்குக்கா. கைக்கு இன்னைக்குத்தான் வந்துச்சு."

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீயே நடுங்கிட்டு இருந்தே. நானும் நடுங்கினா உன்னை யார் பார்த்துக்கறது?"

கையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன். வழுக்கியது, இறுக்கிப் பிடித்தேன்.

கதவு திறந்தது. மேலாளர் வெளியே வந்தார். எங்களைப் பார்த்து, இல்லை என்று தலையை அசைத்துவிட்டு, நடந்து போனார்.

தம்பி என் கையை விடாமலேயே வாசல் பக்கம் திரும்பினான்.

"வீட்டுக்கு நீயும் வாக்கா" என்றான். "அவகிட்ட என்னால தனியாச் சொல்ல முடியாது."