கட்டணம் கட்டாத ஒன்பது பேர்

ஓரகத்திகள் இருவரும் ஒரே தெருவில், எதிரெதிர் வாசலில், ஆளுக்கொரு மழலையர் பள்ளி நடத்தினார்கள். இந்தப் பக்கம் பிள்ளைகள் பாடினால் அந்தப் பக்கம் இரண்டு கட்டை கூட்டிப் பாடுவார்கள். சின்னவள் வாசலுக்குப் பச்சை அடித்தால், மறுவாரமே பெரியவள் வாசலில் அதைவிட அழுத்தமான பச்சை.

சிறு பள்ளிகளுக்கு அரசு உதவி தரப்போகிறது, ஆயாவின் சம்பளத்தையும் அதுவே ஏற்கும் என்று சேதி வந்தது. பெரியவளுக்கு அது அவசரத் தேவை. வேறு வேலை கிடைத்துவிட்ட ஆயா, சம்பளம் கூடாவிட்டால் மாதக் கடைசியில் கிளம்பிவிடுவாள். ஒற்றை ஆளாக இருபது பேரைக் கட்டி மேய்க்க முடியாது. அதில் கட்டணம் கட்டாத ஒன்பது பேரை நிறுத்தியாக வேண்டும். ஒன்பது பேரைச் சும்மா சேர்த்திருப்பதை அவள் வெளியே மூச்சு விட்டதில்லை. சின்னவள் காதில் விழுந்தால் 'ஏமாளி' என்று தெருவெல்லாம் சொல்லிச் சிரிப்பாளே.

பெரியவளின் புருஷன் பாத்திரக்கடைக்காரர். "ஆய்வுக்கு வர்றாங்கன்னா எல்லாத்தையும் நிறைச்சுக் காட்டு. காலி அலமாரியைப் பாத்து எவன் ஆர்டர் குடுப்பான்?" என்றார்.

பெரியவள் நிறைத்தாள். குட்டி நாற்காலிகள் வாடகைக்கு வந்தன. மின்விசிறி அண்ணன் வீட்டிலிருந்து வந்தது. பிள்ளைகளின் கழிப்பறைக்குக் கதவில்லை. தன் படுக்கையறைக் கதவையே கழற்றி அங்கே மாட்டினாள். திருப்புளி எடுத்துக் கொடுத்தவர் யோசனை சொன்ன மனிதர்தான்.

ஆய்வாளர் அம்மா வந்தார். "கட்டணம் கட்ட முடியாதவங்க எத்தனை பேர்?"

"அப்படி யாருமே இல்லைங்க. ஒண்ணாம் தேதியே கட்டிடுவாங்க."

"ரொம்ப நல்லா நடத்துறீங்க" என்று சொல்லிவிட்டு, கால் மணி நேரத்தில் எழுந்து எதிர் வாசலுக்குப் போனார். அங்கே ஒரு மணி நேரம் இருந்தார். ஜன்னலோரம் நின்ற பெரியவளுக்குக் கால் கடுத்ததைவிட வயிறு எரிந்தது அதிகம்.

உதவி பெறும் பள்ளிகளின் பட்டியலில் சின்னவளின் பள்ளி மட்டும் இருந்தது. அடுத்த வாரம் வண்டி வந்து நின்றது. எதிர் வாசலில் இறங்கிய ஒவ்வொரு குட்டி நாற்காலியும் பெரியவளின் நெஞ்சில் இறங்கியது. போதாக்குறைக்குச் சின்னவள் தெருவைத் தாண்டிக் குரல் கொடுத்தாள்.

"அக்கா, உங்ககிட்ட ஒரு குறையும் இல்லையாமே. ஆய்வாளரம்மா புகழ்ந்து தள்ளிட்டாங்க. குடுத்து வச்சவங்க நீங்க."

அதையும் விழுங்கிக்கொண்டாள். விழுங்க முடியாதது அதற்கப்புறம்தான் வந்தது. ஒன்பதில் ஒரு பிள்ளையின் தாய், இஸ்திரிக்காரி, தயங்கித் தயங்கி வந்து நின்றாள்.

"அக்கா, ஆயா போகுதாமே. எதிர்த்த வீட்டம்மா கட்ட முடியாதவங்க பிள்ளைங்களச் சும்மாவே சேத்துக்கிறாங்களாம். அங்க விட்டுடட்டுமா?"

ஒன்பது பேரையும் அனுப்ப வேண்டிவரும் என்று பெரியவள் மனதைக் கல்லாக்கி வைத்திருந்தாள். ஆனால் அந்த ஒன்பதும் சின்னவளின் புது நாற்காலியில் போய் உட்காருவதா? செருப்பைக்கூட மாட்டாமல் தெருவைக் கடந்தாள்.

வந்த சாமான்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார் ஆய்வாளர் அம்மா. பக்கத்திலேயே சின்னவள்.

"அம்மா, நான் காட்டினது எதுவும் எங்களுது இல்ல. நாற்காலி வாடகை, விசிறி இரவல், கதவு எங்க படுக்கையறைக் கதவு. ஒன்பது பிள்ளைங்க காசே கட்டறதில்ல. சம்பளம் பத்தாம ஆயாவும் கிளம்பறா."

சின்னவள் வாயைப் பிளந்தாள். "ஒன்பது பேரா?"

"ஏம்மா," என்றார் ஆய்வாளர் அம்மா, "இல்லாத இடத்துக்குக் குடுக்கத்தானே நாங்க வர்றோம். பொண்ணு பாக்க வந்தவங்களுக்குக் காட்டற மாதிரி ஜோடிச்சு வச்சா நான் என்னத்த எழுதுவேன்?"

"தெருவுக்கு ஒரு பள்ளிக்குத்தான் குடுப்பீங்கன்னு நெனச்சேங்க."

"யார் சொன்னா? கட்ட முடியாத பிள்ளைங்க இருக்கற எடத்துக்கெல்லாம் உண்டு. வாங்க, மறுபடி பாத்துடறேன்."

பார்த்தார். கழிப்பறைக்குச் சொந்தக் கதவில்லை என்று எழுதினார். கிழிந்த பாயை எழுதினார். ஒன்பது பேரையும் நிறுத்தி ஒவ்வொரு பெயராகக் கேட்டு எழுதினார்.

"ஆயா சம்பளம் அடுத்த மாசத்துலேருந்து வரும். போக வேண்டாம்னு சொல்லிடுங்க."

பெரியவளுக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்: "எதிர்ல எத்தனை பேருங்க சும்மா படிக்கிறாங்க?"

"ஆறு."

அவரை வழியனுப்ப வாசலுக்கு வந்தாள். எதிரே சின்னவள் நின்றிருந்தாள். பெரியவள் உள்ளே பார்த்து, தெருக்கோடி வரை கேட்கும்படி சொன்னாள்:

"ஆயா, அந்த ஒன்பது பேரையும் வெளிய கூட்டிட்டு வா. கொஞ்ச நேரம் வாசல்ல விளையாடட்டும்."