தண்ணி தேங்குது

ஸ்கேன் எடுத்த டாக்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்தான் சொன்னார். "குழந்தையோட இடது கிட்னி கொஞ்சம் வீங்கியிருக்கு. தண்ணி தேங்குது. லேசாத்தான். அடுத்த ஸ்கேன்ல பார்ப்போம்." வயிற்றில் தடவிய பசையை நான் துடைத்து முடிப்பதற்குள் அடுத்த பெண் செருப்பைக் கழற்றிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து அதை அப்படியே ஒப்பித்தேன். என் மாமனார் நீரேற்று நிலையத்தில் பம்ப் ஓட்டி ஓய்வு பெற்றவர். "தேங்குது" என்ற சொல் காதில் விழுந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வெளிய போற குழாய் அடைச்சிருக்குன்னு அர்த்தம். முதல்ல உள்ள வர்ற தண்ணிய நிறுத்தணும். இல்லன்னா வெடிச்சிடும்."

"வெடிக்குமா!" என்று அத்தை நெஞ்சில் கை வைத்தார்.

"நான் பார்க்காத வெடிப்பா?"

அன்றிலிருந்து எனக்கும் வால்வு வைத்துவிட்டார்கள். தண்ணீர்க் குடம் அவர்கள் அறைக்குப் போனது. அத்தை சின்ன டம்ளரில் பாதி ஊற்றிக் கொடுப்பார். பாசமாகத்தான், தலையைத் தடவிக்கொண்டே. இன்னும் கொஞ்சம் என்றால், "பல்லைக் கடிச்சுக்கோம்மா, புள்ளைக்காகத்தானே" என்பார். என் கணவர் லாரியோடு எங்கேயோ இருந்தார். போனில் சொன்னேன். "அப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும். தண்ணி விஷயத்துல அவரை மிஞ்ச ஆளில்ல."

நான் கல்லூரியைப் பாதியில் விட்டவள். கிடங்கில் இரவு ஷிஃப்டில் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். வயிறு தெரிந்ததும் அதையும் விட்டேன். வெளியே போக ஒரு காரணமும் மிச்சமில்லை. கூடத்தில் மாமா, சமையலறையில் அத்தை, நடுவில் என் கட்டில்.

குளியலறைக் குழாயைத் திறந்து குடித்திருக்கலாம். ஒருநாள் உள்ளங்கையில் பிடித்தும்விட்டேன். வாயருகே கொண்டுபோனபோது அந்த விரல்கடை கிட்னி எனக்குள் பலூன்போல உப்புவது தெரிந்தது. கொட்டிவிட்டேன். பூட்டு கதவில் இருந்தால் உடைக்கலாம். இது எனக்குள் இருந்தது.

பிறகு ஒன்றுக்குப் போனால் எரிந்தது. உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. அத்தை அலறியடித்து, மாமாவையும் சேர்த்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனார். இந்த முறை வேறு டாக்டர், நடு வயதுப் பெண். மறுபடியும் ஸ்கேன் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"தண்ணி எவ்வளவும்மா குடிக்கிறே?"

நான் மாமாவைப் பார்த்தேன். டாக்டரும் பார்த்தார். மாமா மேசையில் விரலால் பம்ப் வரைந்து, குழாய் வரைந்து, அடைப்பைக் காட்டினார்.

"ஐயா, உங்க மருமக என்ன மேல்நிலைத் தொட்டியா? இவ குடிக்கிறது நேரா குழந்தை கிட்னிக்குப் போறதில்ல. தன்னைச் சுத்தி இருக்கிற தண்ணியத்தான் அது முழுங்குது. அதுலயே ஒண்ணுக்கும் போகுது. அந்தத் தண்ணி சரியா இருக்கு. இன்னொரு கிட்னியும் நல்லா இருக்கு. இப்படி லேசான வீக்கம் முக்கால்வாசிப் பேருக்குத் தானா வடிஞ்சிடும்."

"வடியலன்னா?" என்று கேட்டேன்.

"பிறந்ததும் ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம். தேவைப்பட்டா வைத்தியம் இருக்கு. இப்ப காய்ச்சல் உனக்குத்தான். தண்ணி குடிக்காம மூத்திரத்துல கிருமி சேர்ந்திருக்கு."

மாமா விடவில்லை. "அப்ப அந்தக் கிட்னிக்கு நாங்க என்னதான் செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேணாம். காத்திருக்கணும்."

மாமாவின் முகம் தொங்கிப்போனது. திருகுவதற்கு ஒன்றுமே இல்லாத வேலையை யாரும் அவருக்குக் கொடுத்ததில்லை. "சும்மா உக்காந்திருக்கிறதா?" என்று அத்தையைக் கேட்டார். "உங்களுக்கு வராதுதான்" என்றார் அத்தை.

நர்ஸ் மாத்திரையும் ஒரு பாட்டில் தண்ணீரும் நீட்டினாள். டாக்டர் சொன்னதெல்லாம் மண்டைக்குப் புரிந்திருந்தது. ஆனாலும் பாட்டில் மூடியை உடனே திறக்கவில்லை. வடியும் என்று சொன்னார், சத்தியம் செய்யவில்லை. பிள்ளை வெளியே வரும்வரை அந்த 'முக்கால்வாசி'க்குள்தான் நான் குடியிருக்க வேண்டும்.

மாத்திரையை விழுங்கினேன். மேலும் ஒரு மடக்கு. "போதும்மா, மெதுவா" என்று மாமா தன்னையறியாமல் பாட்டிலுக்குக் கை நீட்டினார்.

நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, பயந்துகொண்டே, மிச்சம் முழுவதையும் குடித்தேன்.