ஏணிக்காரியின் முழங்கால்

பேக்கிங் பிரிவில் இருப்பவளுக்குப் பொம்மை செய்வதைப் பற்றி என்ன தெரியும் என்று மாடியில் யாரோ கேட்டார்களாம். அது என் காதுக்கு வந்த அன்றைக்கே விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்துவிட்டேன்.

எங்கள் தொழிற்சாலையில் தயாராவது ஒன்றோடொன்று கோத்து விளையாடும் பிளாஸ்டிக் துண்டுகள். கீழே நாங்கள் அவற்றைப் பையில் போட்டுத் தராசில் வைப்போம். எடை சரியாக இருந்தால் பச்சை விளக்கு, ஒரு துண்டு கூடினாலும் குறைந்தாலும் சிவப்பு. எட்டு வருடமாக இதே வேலை. எந்தத் துண்டு எத்தனை கிராம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

மாடியில் இருப்பது வடிவமைப்பு அறை. அங்கே ஓர் இடம் காலி. உள்ளே வேலை செய்பவர்களுக்கு ஒரு வாய்ப்பு, யாரும் தேறாவிட்டால் வெளியாள் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். எனக்கு நாற்பத்தொரு வயது. அடுத்த முறை என்று ஒன்று எனக்குக் கிடையாது.

ஏற்கனவே இருக்கும் துண்டுகளை மட்டும் வைத்து, எண்பதுக்கு மிகாமல், கைகால் அசைகிற ஒரு சாகசப் பொம்மையைப் புதிதாகச் செய்ய வேண்டும். பசை கூடாது, வெட்டக் கூடாது. வாளும் கேடயமும் தூக்கியவர்கள் எங்கள் பெட்டிகளில் மந்தை மந்தையாக இருக்கிறார்கள். நான் ஏணியை எடுத்தேன். உயரத்தில் மாட்டிக்கொண்டவர்களை இறக்கிக் கொண்டுவருகிறவள் என் ஏணிக்காரி. தோளில் ஏணி, இடுப்பில் கயிற்றுச் சுருள், தலையில் மஞ்சள் தொப்பி. ஓடுகிற வேகத்தில் ஒரு கால் தரையிலும் மற்றது காற்றிலும் இருக்கும்.

அடுத்த மேசையில் வேலை செய்யும் என் நாத்தனார் அவளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"ஒத்தக் கால்ல நிக்கிறதப் பாத்தா அப்படியே உங்களப் பாத்த மாதிரியே இருக்கு அண்ணி."

சனிக்கிழமைகளில் கழிவுப் பெட்டியிலிருந்து ஒரு பிடி அள்ளிக்கொள்ள எங்களுக்கு அனுமதி உண்டு. நிறம் மங்கியதும் பிசிறு வைத்ததும்தான் அதில் கிடக்கும் என்று நினைத்திருந்தேன். ஏணிக்காரி முழுக்க அந்தத் துண்டுகளால் ஆனவள். ஐந்து வாரம் வீட்டு அலமாரி மேல் நின்றாள். கதவை ஓங்கிச் சாத்தினாலும் ஆடவில்லை. எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

ஆனால் தேர்வில் நாம் கோத்தது நின்றால் போதாது. பொம்மை கோத்துப் பழக்கமே இல்லாத ஒருவர், நாம் வரைந்து கொடுத்த வரைபடத்தை மட்டும் பார்த்துப் புதுத் துண்டுகளால் கோத்து நிறுத்த வேண்டும். அந்த வேலைக்கு எப்போதும் வாசல் காவலாளி அண்ணனைத்தான் கூப்பிடுவார்கள். தாழ்ப்பாள் மாதிரி விரல்களை வைத்துக்கொண்டு, ஒன்றேகால் மணி நேரம் அவர் கோத்தார். ஒரு தப்பும் செய்யவில்லை. மேசையில் வைத்தார். ஏணிக்காரி முழங்காலை மெல்ல மடக்கி மூக்கு இடிபட விழுந்தாள். மூன்று முறை வைத்தார், மூன்று முறையும் விழுந்தாள். தன் கைக்குத்தான் ராசியில்லை என்று அவர் என்னைவிட அதிகமாக வருத்தப்பட்டார்.

வடிவமைப்புத் தலைவி கடிந்துகொள்ளவில்லை.

"காலுக்கு அடியில ஒரு ஸ்டாண்ட் வச்சிடுங்க. நாளைக்கு மத்தியானம் இன்னொரு தடவ பாக்கலாம். அதோட சரி."

கழிவறையில் போய்க் கொஞ்சம் அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு கீழே வந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த என்னுடையவளைப் பிரித்தேன். தராசில் ஒற்றைப் பந்தின் எடையைப் பதித்து, முழங்கால் மூட்டாக வைத்திருந்த பந்தை அதில் வைத்தேன்.

சிவப்பு எரிந்தது. மயிரிழை அளவு பருத்துப்போன பந்து. அதனால்தான் கழிவுக்கு வந்திருக்கிறது. என் திறமையால் நிற்கிறாள் என்று நான் மார்தட்டிக்கொண்டிருந்தேன், அச்சில் இருந்த கோளாறு அவளைப் பிடித்து வைத்திருந்தது. நாளெல்லாம் துண்டுகளைத் தொடுகிற கைக்கு இது தெரிந்திருக்க வேண்டும். வெட்கமாக இருந்தது.

பேசாமல் ஸ்டாண்டை வைத்துத் தொலைக்கச் சொன்னாள் நாத்தனார்.

"வச்சா பரிசுக் கோப்பை மாதிரி நிப்பா. ஓடுறவளுக்கு எதுக்கு ஸ்டாண்ட்?" என்றேன்.

மறுநாள் நானும் நாத்தனாரும் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்தோம். மாடியில் கேட்டு வாங்கிய புதுப் பைகளைப் பிரித்துக் கொட்டிக்கொண்டேன். ஏணி ஆறு கிராம். அது தோளுக்கு முன்னால் நீட்டிக்கொண்டு முழங்காலை இழுத்திருக்கிறது. பின்னால் தள்ளினேன். கயிற்றுச் சுருள் இரண்டு கிராம். அதை நிற்கிற காலின் பக்கம் மாற்றினேன். பந்தை எடுத்துவிட்டுப் பல் வைத்த கீலைப் போட்டேன். அது டிக் டிக்கென்று படிப்படியாகத்தான் மடங்கும், அழகு கொஞ்சம் குறைவு, ஆனால் மடக்கிய இடத்தில் நிற்கும். உடம்பின் பாரம் மொத்தமும் உள்ளங்காலுக்கு நேராக இறங்க வேண்டும், அவ்வளவுதான். விழுந்தாள். தொப்பியை மாற்றினேன், விழுந்தாள். காற்றில் இருந்த காலை ஒரு பல் பின்னே தள்ளினேன். ஏழாவது முறை நின்றாள். நாத்தனார் இடுப்பால் மேசையை ஓர் இடி இடித்தாள். அப்போதும் நின்றாள். மதியத்துக்குள் வரைபடத்தைத் திருத்தி முடித்தேன்.

காவலாளி அண்ணன் இந்த முறையும் நிதானமாகவே கோத்தார். மேசையில் வைத்த பிறகும் இரண்டு கையையும் அவளுக்கு இருபுறமும் விரித்து வைத்திருந்தார், நடை பழகும் குழந்தைக்கு வைப்பதுபோல. மெதுவாகக் கையை எடுத்தார். தலைவி விரல் மடக்கி மேசையை மூன்று முறை தட்டினார். ஏணிக்காரி அசையவில்லை.

ஒரே நாளில் எப்படிக் கண்டுபிடித்தேன் என்று தலைவி கேட்டார்.

"எட்டு வருஷமா எட போட்டுட்டிருக்கேம்மா," என்றேன்.

நான்கு மாதம் கழித்து ஏணிக்காரியின் முதல் பை கீழே வந்தது. அந்தப் பையின் எடை எவ்வளவு இருக்க வேண்டும் என்று தராசுக்கு எண் எழுதிக் கொடுத்தது நான்தான். எதையும் நிறுத்துப் பார்க்காமல் மாடியில் உட்கார்ந்து மனக்கணக்காகப் போட்ட எண். படியிறங்கி வந்து என் பழைய மேசை அருகே நின்றேன். நாத்தனார் பையைத் தராசில் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். விளக்கை நான் பார்க்கவில்லை.

"பச்ச, அண்ணி," என்றாள்.