கைப்பிடி வைத்த வண்டி

காருக்குப் பின்னால் மாட்டி இழுக்க ஒரு வண்டி வேண்டும் என்று அமிர்தம் கேட்டபோதுகூட அவள் கணவர் காசிநாதன் தலையாட்டிவிட்டார். அந்த வண்டிக்குக் கைப்பிடி வேண்டும் என்றாள் பாருங்கள், அங்கேதான் மனுஷனுக்கு முகம் செத்துப்போனது.

பதினோரு வருஷம் சின்னசேலம் ஸ்டேஷன் பக்கத்தில் தள்ளுவண்டியில் இட்லி விற்றவள் அமிர்தம். பிறகு கள்ளக்குறிச்சிக்கு வந்து, வீட்டிலேயே சமைத்து விசேஷங்களுக்குக் கொண்டுபோய் இறக்கி, பழைய ஃபியட் கார் ஒன்றும் வாங்கிவிட்டாள். கார் வந்த நாளிலிருந்து தள்ளுவண்டிப் பேச்சையே எடுக்கக்கூடாது என்பது காசிநாதன் போட்ட சட்டம். அவளுக்கு அது குத்திக்கொண்டே இருந்தது. திருடியா சம்பாதித்தாள்?

"பாத்திரம் ஏத்த மேல கேரியர் போட்டா சுலபம்க்கா" என்றான் வெல்டிங் பட்டறை முனியன்.

"கொதிக்கிற தேக்சாவ யாரு தலைக்கு மேல தூக்கறது? நீ வர்றியா?"

"அப்ப டிக்கிக்குப் பின்னால தட்டு வெச்சி வெல்டு அடிச்சிட்றேன்."

"அத்தினி கனமும் பின்னால தொங்கினா வண்டி மூக்கத் தூக்காதா?"

முனியன் காரின் பின்பக்கத்தை அமுக்கிப் பார்த்தான்; மூக்கு தூக்கத்தான் செய்தது. காரின் அடிச்சட்டத்தில் ஒரு கொக்கி, அதில் மாட்டி இழுக்க ஸ்கூட்டர் சக்கரம் இரண்டு போட்ட குட்டி வண்டி என்று முடிவாயிற்று. நினைத்தால் கழற்றுகிற மாதிரி கொக்கிக்கு ஒரு இரும்புப் பின் போடச் சொன்னாள். கடைசியாகத்தான் கைப்பிடியைச் சொன்னாள்.

"காரு இழுக்கிற வண்டிக்குக் கைப்பிடி எதுக்கு? தள்ளுவண்டிக்காரின்னு ஊருக்கே எழுதி ஒட்டணுமா?" என்று குதித்தார் கூட வந்திருந்த காசிநாதன்.

"காரு நின்னுட்டா இன்னாங்க பண்றது?"

கைப்பிடி வந்தது. காசிநாதன் அதைக் கோணியால் சுற்றிக் கட்டி மறைத்தார். கட்டுப்போட்ட கால் மாதிரி இருந்தது.

எண்பத்தேழில், இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த வாரம் அது. கல்வராயன் மலையடிவாரத்தில், கச்சிராயபாளையத்தில், அந்தோணிதாஸ் மகள் ஏஞ்சலினுக்குக் கல்யாணம். நூற்றைம்பது பேருக்குப் பிரியாணி. அமிர்தத்துக்குக் கிடைத்த முதல் கல்யாணம். பன்னிரண்டு மணிக்குள் போய்ச் சேராவிட்டால் இனி ஒருவரும் அவளை நம்பிப் பந்தியை ஒப்படைக்க மாட்டார்கள்.

அந்தப் பக்கம் ரோடு திறந்திருக்கிறது என்று கேள்விப்பட்டுத்தான் கிளம்பினார்கள். ஊருக்கு இன்னும் மூன்று கிலோமீட்டர் இருக்கும்போது, புளியமரம் ஒன்று ரோட்டுக்குக் குறுக்கே படுத்திருந்தது. இரண்டு பக்கமும் பள்ளம். மரத்தின் மேல் மறியல்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மணி பத்தரை.

"கல்யாணச் சோறுங்க" என்றாள் அமிர்தம்.

"காரு போவாதும்மா" என்றார் அவர்களில் ஒருவர். பிறகு தேக்சாக்களைப் பார்த்தார். "சோத்த மறிக்கவா நாம ஒக்காந்துகினு இருக்கோம்? எறங்கி ஒரு கை புடிங்கப்பா."

அமிர்தம் கொக்கியின் பின்னை உருவினாள். தேக்சாக்கள் ஒவ்வொன்றாக மரத்தைத் தாண்டின. குட்டி வண்டியை எட்டுப் பேர் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்கள். தேக்சாக்கள் திரும்ப ஏறின. எல்லோரும் கோணி சுற்றிய கைப்பிடியையே பார்த்தார்கள். காசிநாதன் குனிந்து பல்லால் கடித்து முடிச்சை அவிழ்த்தார்.

அமிர்தம் முன்கம்பியைப் பிடித்து வழி பார்த்து நடந்தாள். காசிநாதன் பின்னால் கைப்பிடியைப் பிடித்திருந்தார்.

"கையால தள்ளாதீங்க. இடுப்பக் குடுத்துத் தள்ளுங்க."

இடுப்பைக் கொடுத்துத் தள்ளினார். ஒரு மேடு ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. இதையா பதினோரு வருஷம் தள்ளினாய் என்று கேட்க வாயெடுத்து, மூச்சில்லாமல் விட்டுவிட்டார்.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது மாதா கோயில் வாசலை அடைந்தார்கள். அந்தோணிதாஸ் ஓடி வந்தார். "காரு எங்க? இது இன்னா வண்டி, கைப்பிடியெல்லாம் வெச்சி?"

கணவர் போட்ட சட்டத்துக்குப் பயந்து, அமிர்தம் குனிந்து தேக்சாக்களை எண்ண ஆரம்பித்தாள். காசிநாதன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வாசலே கேட்கிற மாதிரி சொன்னார்: "எங்க வூட்டம்மா சொல்லி செஞ்சதுங்க. பதினோரு வருசம் சின்னசேலத்துல தள்ளுவண்டி தள்ளினவங்க. வண்டியப் பத்தி அவங்களுக்கு யாரு சொல்லித் தர்றது?"

அமிர்தத்துக்குப் பெருமை தாங்கவில்லை. அதை மறைக்க முந்தானையால் பிடித்து மூடியைத் திறந்தாள். ஆவி பறந்தது.

பந்தி முடிந்து காலி வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பும்போது கேட்டாள், "கோணி எங்கங்க?"

"மரத்து மேல ஒக்காந்திருந்தவங்களுக்கு அப்பவே விரிச்சிக்கச் சொல்லிக் குடுத்துட்டேன்" என்றார் காசிநாதன், கைப்பிடியை விடாமல்.