ஒற்றை அளவு

எங்கள் மரப்பட்டறையில் மதியச் சாப்பாட்டு நேரம் நாற்பது நிமிடம். பதினைந்தில் விழுங்கிவிட்டு, மீதி நேரம் பசை டின்கள் அடுக்கிய அறையில் உட்கார்ந்து படிக்க வேண்டும். பள்ளிக்கூடப் பரீட்சை தேறாதவர்கள் இயந்திரத்தில் நிற்கக்கூடாது என்று புதுச் சட்டம். இருபது வருஷமாக ரம்பத்தில் நிற்கும் என்னையும் அது விடவில்லை, ஆணி அடிக்கும் பகுதியில் இருக்கும் என் மனைவியையும் விடவில்லை.

பாடம் ஒரு பழைய கிரேக்க நாடகம். போரில் ஜெயித்த ஊர்க்காரன் எழுதியது. ஆனால் ஜெயித்தவன் ஒருத்தன்கூட மேடைக்கு வருவதில்லை. தோற்ற பேரரசின் அரண்மனைதான் கதை நடக்கிற இடம். படையோடு போன மகனுக்கு என்ன ஆயிற்றோ என்று ராஜாவின் தாய் தவிக்கிறாள். தூதன் ஒருவன் ஓடிவந்து செத்தவர்களின் பெயர்களைச் சொல்கிறான்.

"எதிரி வீட்டு எழவுக்கு நாம எதுக்கு டீச்சர் மாரடிக்கணும்?" என்று கேட்டான் ஓட்டைவாய். பலகை இழைக்கிற ரந்தாவை இழுக்கிறவன். அவனுக்கு வாயும் கையும் ஒன்றாக ஓடும்.

"அட்டையில எதிரியோட வீழ்ச்சின்னு போட்டிருக்கு. அதைப் பாத்துதான் ஆபீஸ்ல அனுமதியே குடுத்தாங்க. நீங்க உள்ள படிச்சுக் கெடுத்துடாதீங்க" என்றாள் டீச்சர். எங்களில் பாதிப் பேருக்கு மகள் வயசு. சிரித்தோம். அது போன வாரம்.

நாங்களும் ஜெயித்துக்கொண்டுதான் இருந்தோம். ரேடியோ தினமும் அப்படித்தான் சொன்னது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் போன படையில் எங்கள் மகனும் இருந்தான். ஆறே காலடிக்கு மேல் உயரம். தெருவே அவனைக் கொக்கு என்றுதான் கூப்பிடும். எந்தக் கட்டிலிலும் கால் வெளியே தொங்கும். கடைசியில் நானே பலகை அறுத்து, என் மனைவியே ஆணி அடித்து, ஆறடி பத்து அங்குலத்தில் கட்டில் செய்து போட்டோம். அவனிடமிருந்து கடிதம் வந்து ஐந்து வாரம் ஆகிறது.

முன்பெல்லாம் பட்டாளத்துக்கு நாங்கள் செய்தது மூன்றடிக் குண்டுப் பெட்டிகள். திங்கட்கிழமை வந்த சீட்டில் ஆறடி இரண்டு அங்குலம் என்றிருந்தது. மேஸ்திரி என் முகத்தைப் பார்க்காமலே, "பீரோ. முகாமுக்கு" என்றார். தட்டு கிடையாது, கீல் கிடையாது. பக்கத்துக்கு மூன்று கயிற்று ஓட்டை. எந்த ஊர் பீரோவுக்குக் கயிறு போடுவார்கள்? ஓட்டைவாய்கூட வாயை மூடிக்கொண்டு ரந்தா இழுத்தான்.

இன்று காலையில் வந்த சீட்டில் அதே பீரோ நூற்று இருபது. கீழே தனியாக ஒரு வரி: ஆறடி பத்து, ஒன்று.

மொத்தமாக அறுக்கும் அளவுக்கு ரம்பத்தில் தடுப்புக்கட்டை பூட்டிவிடுவோம், நினைவு வைக்க வேண்டியதில்லை. ஒன்றிரண்டுக்கென்று ஒற்றை அளவு வந்தால் மட்டும் இடது மணிக்கட்டில் பென்சிலால் எழுதிக்கொள்வது பட்டறை வழக்கம். கை தானாகவே எழுதிவிட்டது. எழுதிய பிறகுதான் வீட்டுக் கட்டில் நினைவுக்கு வந்தது. படையில் நெட்டையன்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள் என்று சொல்லிக்கொண்டே அறுத்தேன். அந்தப் பலகைகளை மற்றவற்றின் அடியில் செருகி வைத்தேன். சாயங்காலத்துக்குள் என் மனைவி கைக்குத்தான் போகும் என்று தெரிந்தேதான் செருகினேன். சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு சாப்பிடப் போனேன்.

வகுப்பில் ராஜாவின் தாய் வேஷம் என் மனைவிக்கு. தூதன் மேஸ்திரி. அவர் லாரியோடு போயிருந்தார்.

"அண்ணே, நீங்க படிங்க" என்றாள் டீச்சர்.

"எனக்குத் தொண்டை கட்டியிருக்கு."

"வீட்டுல என்னை அதட்டுறப்ப மட்டும் கட்டாதோ? எந்திரிங்க" என்றாள் என் மனைவி. எல்லோரும் சிரித்தார்கள்.

எழுந்தேன். கப்பல்கள் மூழ்கியதைப் படித்தேன். கரையெங்கும் பிணம் ஒதுங்கியதைப் படித்தேன். அவள் விரலை வரியில் வைத்து, யார் யார் செத்தது என்று தன் பங்கைக் கேட்டாள். கேட்ட குரலில் நடிப்பு இல்லை.

அடுத்தது என் வரி. அதற்குத் தூதன் முதலில் சொல்வது நல்ல செய்தி: உன் மகன் உயிரோடு இருக்கிறான்.

எழுத்து தெரிந்தது. ஆனாலும் வெளிச்சம் போதாததுபோல் புத்தகத்தைக் கண்ணுக்கு நேரே தூக்கினேன். சட்டைக் கை முழங்கைக்குச் சரிந்தது.

"படிங்கண்ணே. மகன் பிழைச்சுட்டான்னு போட்டிருக்கு பாருங்க" என்றாள் டீச்சர்.

என் மனைவி புத்தகத்தைப் பார்க்கவில்லை. என் மணிக்கட்டில் எழுதியிருந்ததைப் பார்த்தாள்.

"எத்தனை?"

"அக்கா, அது உங்க வரி இல்ல."

"நீ சும்மா இரும்மா. ஏங்க, உங்களைத்தான். எத்தனை?"

"ஒண்ணு."

ஓட்டைவாய் தலையைக் குனிந்துகொண்டான். மணி அடித்தது. ஒருவரும் எழவில்லை. அவள்தான் முதலில் எழுந்தாள். புத்தகத்தை மூடிப் பசை டின்மேல் வைத்தாள். ஆணிப் பையை இடுப்பில் கட்ட மூன்று தடவை முடிச்சுப் போட்டாள்.

"அந்தப் பெட்டியை வேற எவனும் தொடக்கூடாது. நான்தான் அடிப்பேன்" என்றாள்.