பதினோராவது அறை

கவரைப்பேட்டை ஸ்டேஷனுக்குப் பின்னால் மூடிக் கிடந்த பிஸ்கட் கம்பெனியில் அந்த சீரியலின் ஷூட்டிங் நடந்தது. ஹெலனுக்கு அதில் காஸ்ட்யூம் வேலை. நடிகைகளுக்குப் புடவை கட்டிவிட வேண்டும், இஸ்திரி போட வேண்டும். கும்மிடிப்பூண்டியில் தனியாகக் குடியிருந்தாள். ஒன்பது வருடமாக இந்த யூனிட்தான் அவளுக்குச் சொந்தபந்தம்.

அன்றைக்கு மாமியார் மருமகளை அறைகிற காட்சி. மருமகளாக நடித்த அஸ்வினி பள்ளிப்பட்டுப் பெண், வந்து இரண்டே மாதம். முந்தின நாள் டைரக்டர் பூவராகவன் தன் காரில் ஏறச் சொன்னபோது, ரயிலில் போய்க்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள். அது அவருக்கு ஆறவில்லை.

"ஓங்கினா போதாது, நெஜமாவே அடிங்க" என்றார் மைக்கில். மாமியாராக நடித்த கங்கம்மாள் அடித்தார். "ஒன் மோர்." மறுபடி அடித்தார். கங்கம்மாளே "போதும் சார்" என்று கெஞ்சியும் பூவராகவன் விடவில்லை. பதினோரு முறை. அறுபது பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஹெலனும்தான் நின்றாள்.

புடவை மாற்றும்போது பார்த்தால் அஸ்வினிக்குக் காதோரம் வீங்கியிருந்தது. "கொய்ங்குனு கேக்குதுக்கா" என்றாள். "புகார் குடுக்கப் போறேன்" என்றாள் ஹெலன். அஸ்வினி சரியென்று தலையாட்டினாள். மறுநாள் தயாரிப்பு நிறுவனத்தின் புகார் கமிட்டிக்கு ஹெலன் எழுதிப் போட்டாள்.

விஷயம் தெரிந்த நாளிலிருந்து அவள் சாப்பிடும் இடத்துக்கு யாரும் வரவில்லை. லைட்மேன் முனிகிருஷ்ணன் மட்டும் ஒருநாள் வந்து நின்றார்.

"உனக்கு இன்னாத்துக்குமா இந்த பேஜாரு? சீரியல நிறுத்திட்டா நம்ம எங்க போறது?"

"அந்தப் பொண்ணு அடி வாங்கிக்கினு நின்னுச்சேண்ணே."

"அதுவே ஒண்ணும் இல்லன்னு சொல்லிடுச்சே!"

உண்மைதான். கமிட்டி கேட்டபோது அஸ்வினி, "நடிப்புக்காகத்தான் மேடம்" என்று சொல்லியிருந்தாள். அதற்குப் பிறகு ஹெலன் புடவை கட்டிவிடப் போனால் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஹெலன் மடிப்பெடுப்பாள், ஊக்கு குத்துவாள், வந்துவிடுவாள். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. வீட்டுக்குப் போனாலும் பேச ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடும்போதுதான் தன் குரலையே கேட்டாள்.

மூன்றாவது வாரம் அவளைக் கூப்பிட்டார்கள். கமிட்டியில் வெளியிலிருந்து வந்த வக்கீல் அருணா உட்கார்ந்திருந்தார்.

"நீங்க சொல்றதுக்கு சாட்சி யாரு?"

"டிவில வந்தது ஒரு அறைதான் மேடம். மிச்சம் பத்தையும் போட்டுப் பாருங்க."

போட்டுப் பார்த்தார்கள். கங்கம்மாள் கெஞ்சியது, மைக்கில் வந்த அதட்டல், எல்லாம் பதிவாகியிருந்தது. கங்கம்மாளை அழைத்துக் கேட்டார்கள். அழுதுகொண்டே உள்ளதைச் சொன்னார். பூவராகவனை நீக்கிவிட்டு வேறு டைரக்டரைப் போட்டார்கள். யாரையும் நிஜமாக அடிக்கக் கூடாதென்று எழுதி ஒட்டினார்கள். சீரியல் நிற்கவில்லை. ஆனால் ஹெலனைக் கண்டால் பேச்சை நிறுத்துகிற பழக்கமும் நிற்கவில்லை. போட்டுக் கொடுத்தவள் என்ற பேர் ஒட்டிக்கொண்டது.

ஒருநாள் கொசுவத்தைச் செருகும்போது அஸ்வினி வாய் திறந்தாள். "அன்னிக்கு பயந்துட்டேன்கா. நைனாவுக்குத் தெரிஞ்சா நடிக்கவே விடமாட்டாரு."

ஹெலனுக்கு எவ்வளவோ சொல்ல இருந்தது. "தெரியும். நேரா நில்லு" என்று மட்டும் சொன்னாள்.

ஷாட் ரெடி என்று வெளியே குரல் கேட்டது. அஸ்வினி போய்விட்டாள். ஹெலன் அடுத்த புடவையை உதறி இஸ்திரி மேஜையில் விரித்தாள்.