சிவப்புக் குமிழ்

என் வீட்டுக்காரர் அழகையாவுக்கு இடக்கை தனியாக யோசிக்கும். முப்பது வருஷம் தோட்டத்து ஜீப் ஓட்டிய கை. மண் ரோட்டில் சிவப்புக் குமிழ் வைத்த லீவரைப் பின்னால் இழுத்து நாலு சில்லும் சுழன்று வண்டியை இழுக்கும்படி ஓட்டுவார். தார் ரோட்டில் ஏறிய அடுத்த நொடி, பேச்சுக்கு நடுவில் இருந்தாலும், அந்தக் கை தானாகப் போய்க் குமிழை முன்னால் தள்ளி இரண்டு சில்லுக்கு மாற்றிவிடும். தாரில் நாலு சில்லும் ஓட்டினால் கியர்ப் பெட்டி தேய்ந்துபோகும் என்று, வேலைக்குச் சேர்ந்த மாதம் பழைய துரை ஏசிய ஏச்சு அப்படி. "சோறு பிசையிற கைக்குக்கூட இம்புட்டுப் பழக்கம் கெடையாது" என்று நான் கேலி செய்வேன். எண்பத்தொன்பதாம் வருஷம் ஒரு புதன்கிழமையோடு அந்தக் கேலியை விட்டுவிட்டேன்.

அன்றைக்கு எங்கள் மகள் சுந்தரியைக் கண்டி ஆஸ்பத்திரியில் டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். தேயிலைக் கொழுந்து எடுக்கும்போது கான் பள்ளத்தில் விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் உடைந்து, தொடையிலிருந்து பாதம் வரை மாக்கட்டு. கட்டை மாற்றிப் போட்டு ஒரு நாள்தான் ஆகியிருந்தது, முழுசாகக் காயவில்லை. "எலும்பு அசையக் கூடாது. அடிக்கடி கால் விரலை ஆட்டச் சொல்லிப் பாருங்க. ஆடாட்டி உடனே திருப்பிக் கொண்டு வரணும்" என்றார் டாக்டர். திருப்பிக் கொண்டுபோவதாவது! ஊரெல்லாம் கிளர்ச்சிக்காரர்கள் மிரட்டிப் போட்ட கடையடைப்பு. பஸ் கிடையாது. ஆறு மணிக்கு ஊரடங்கு. துரை மனம் இரங்கித் தோட்டத்து ஜீப்பைக் கொடுத்ததே பெரிய காரியம்.

ஜீப்பின் பின்பக்கம் மெத்தை விரித்து அவளைப் படுக்கவைத்துப் போர்வை போர்த்தினோம். கால் நீட்ட இடம் போதாததால் பின்பலகையை இறக்கிவிட்டு, பாதம் அதன்மேல் இருக்கும்படி வைத்தோம். வண்டிக்கு ஒன்று ஆனால் நாங்கள் இருவரும் குதித்து ஓடலாம். அவளால் முடியாது. புறப்பட்டதிலிருந்து இந்த ஒரு நினைப்புத்தான் எனக்கு.

மடவளை தாண்டி ஓர் ஏற்றத்தில் 'படார்' என்று ஒரு சத்தம். இஞ்சின் அலறுகிறது, வண்டி பின்னால் போகிறது. அவர் கால் பிரேக்கை மூன்று தரம் மிதித்த பிறகுதான் நின்றது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். அது பிடிக்கவே இல்லை. நான் இறங்கி ரோட்டோரக் கல்லைப் பின் சில்லுக்கு வைத்தேன். அவர் மடவளைக்கு நடந்துபோய் ஹுஸைன் நானாவைக் கூட்டிவரும் வரை, ஆள் அரவமில்லாத ரோட்டில் நானும் மகளும் மட்டும். எதிரே லைட் கம்பத்தில் கடையைத் திறக்காதே என்று எழுதிய சீட்டு. அதை ஒட்டினவர்கள் வருவார்களா, அவர்களைத் தேடுகிற ஆமிக்காரர்கள் வருவார்களா என்று பார்த்தபடி, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் விரலை ஆட்டச் சொன்னேன். ஆட்டினாள்.

ஹுஸைன் நானா அலவத்துகொடயிலிருந்து மடவளைக்கு மாப்பிள்ளையாக வந்த மெக்கானிக். வண்டிக்குக் கீழே படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"பின் எக்ஸல் ஒடஞ்சி ஈக்கிது. கடெ தொறந்தாத்தான் சாமான் எடுக்கேலும். ஆனா முன் சில்லு ரெண்டும் நல்லா ஈக்கிது. செவப்புக் கொட்டெய பின்னுக்கு இழுத்துப் போட்டு, ரெண்டாம் கியர்ல மெல்லமாப் போங்க. முன் சில்லு இழுத்துக்கொண்டு போகும்."

பிறகு என் பக்கம் திரும்பினார். அவருக்கும் என் வீட்டுக்காரரின் கையைத் தெரியும்.

"அதெ முன்னுக்குத் தள்ளினா முன் சில்லும் உட்டுடும். பொறகு கியரும் புடிக்காது, ஹேண்ட் பிரேக்கும் புடிக்காது. இந்தா, இந்தக் கட்டெய மடியிலயே வெச்சிக்கோங்க. வண்டி நிண்டா ஒடனே பாஞ்சி சில்லுக்கு வெக்கோணும்."

ஆப்பு மாதிரி வெட்டிய பலாக்கட்டை. வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "அவரு கைய நான் பாத்துக்கிறேன் நானா" என்றேன். என் வாய்க்கொழுப்பு!

ஜீப் நடைவேகத்தில் ஏறியது. மணி நாலு. வத்தேகம டவுனுக்கு முன்னால், போன மழைக்கு மண் சரிந்து தார் அடித்துக்கொண்டு போன ஓர் அரை மைல் துண்டு இருக்கிறது. குழியில் சில்லு இறங்கும்போதெல்லாம் சுந்தரி பல்லைக் கடித்தாள். அதற்கும் மிஞ்சி ஒரு முனகல் வந்தது.

"அம்மா, கால் ஆடுது. கீழ எதாச்சும் வையேன்."

திரும்பிப் பார்த்தேன். அணை கொடுக்கக் கெட்டியாக வேறொன்றும் இல்லை. சீட்டுக்கு மேலாக எக்கி, மடியிலிருந்த கட்டையைச் சீலைத் துணியில் சுற்றி, அவள் கெண்டைக்காலுக்குக் கீழே கொடுத்தேன். கொஞ்ச நேரத்துக்குத்தானே என்று நினைத்தேன்.

"இப்ப பரவாயில்லியா? விரல ஆட்டு பாப்போம்."

நான் அவள் விரலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, சில்லுக்குக் கீழே சரளைச் சத்தம் நின்றது. தார். என் முதுகுக்குப் பின்னால் 'டக்' என்று கேட்டது.

இஞ்சின் வெறுமனே உறுமியது. வண்டி ஒரு கணம் யோசித்துவிட்டுப் பின்னால் உருளத் தொடங்கியது.

"பேச்சி! கட்ட!" என்று கத்தினார். என் கை மடிக்குப் போனது. மடி காலி.

பின்னால் ரோடு வளைகிறது. அந்த வளைவில் வெள்ளையடித்த நாலு கல், அதற்கப்பால் பள்ளத்தில் நிற்கும் கித்துல் மரங்களின் தலை மட்டும் தெரிகிறது. அவர் குதிக்கவில்லை. பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தார். நான் குதித்தேன். முழங்கால் தாரில் தேய்ந்தது, எழுந்து ஓடினேன்.

"சுந்தரி! கட்டய வீசு!"

அவள் எழுந்து உட்கார்ந்தாள். தன் காலுக்குக் கீழிருந்த கட்டையை இரண்டு கையாலும் பிடுங்கி வெளியே எறிந்தாள். அணை போனதும் மாக்கட்டுப் போட்ட கால் தகரப் பலகையில் 'டொக்' என்று விழுந்தது. அந்தச் சத்தம் கேட்டும் நான் நிற்கவில்லை. கட்டையைப் பொறுக்கிப் பின் சில்லுக்கு முட்டுக் கொடுத்தேன். சில்லு அதன்மேல் பாதி ஏறியது, இறங்கியது, நின்றது. கட்டை பிடித்ததா பிரேக் பிடித்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வெள்ளைக் கல்லுக்கும் பின்பலகைக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கிற இடம் இருந்தது.

"நான் தள்ளல பேச்சி" என்றார் அவர். பிறகு தன் இடக்கையைப் பார்த்தார். "நான்தான்."

நான் ஏசவில்லை. ஏச எனக்கு வாய் ஏது? பின்னால் போய்ப் பார்த்தேன். சுந்தரி போர்வையை இழுத்துக் காலை மூடி, இரண்டு கையையும் போர்வைக்குள் வைத்தபடி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"கால் அடிபட்டுச்சா?"

"ஒன்னுமில்லம்மா."

"விரல் ஆடுதா?"

"ஆடுது, ஆடுது. ஏறுங்க, நேரமாகுது."

அவர் குமிழைப் பின்னால் இழுத்தார். கை நடுங்கியதில் இரண்டு தரம் தவறி, மூன்றாம் தரம் விழுந்தது. வண்டி முன்னால் இழுத்ததும் நான் கட்டையை எடுத்துக்கொண்டு ஏறினேன். ஒரு கையால் கட்டையை மடியில் இறுக்கிக்கொண்டேன். மற்றக் கையைச் சிவப்புக் குமிழின்மேல் வைத்தேன், எடுக்கவே இல்லை. திரும்பிப் பின்னால் பார்க்கக்கூட இல்லை. வத்தேகம டவுன் போவதற்குள் அவருடைய இடக்கை இரண்டு தரம் வந்து என் கைமேல் விழுந்தது. விழுந்ததும் திடுக்கிட்டு அவரே எடுத்துக்கொண்டார். மூன்றாம் தரம் எடுக்கவில்லை. என் கையைப் பிடித்தபடியே வைத்துக்கொண்டார்.

டவுனில் ஆமிக்காரர்கள் மறித்தார்கள். ஒரு பொடியன் சோல்ஜர் உள்ளே எட்டிப் பார்த்தான். எங்கள் கையைப் பார்த்ததும் வயசான காலத்தில் இது என்ன கூத்து என்று சிங்களத்தில் கேட்டுச் சிரித்தான். எனக்கு வெட்கமும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. அவன் பின்னால் போய்ப் போர்வைக்கு வெளியே நீட்டியிருந்த வெள்ளைப் பாதத்தைப் பார்த்துவிட்டு, "யன்ன, யன்ன" என்று போகச் சொல்லிக் கையைக் காட்டினான். மணி ஐந்தேகால்.

ஆறுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது எங்கள் லயத்து வீட்டு வாசலுக்கு வந்தோம். இறங்கிக் கட்டையைச் சில்லுக்கு வைத்துவிட்டுத்தான் மூச்சு விட்டேன். தூக்கி இறக்க ஆட்கள் ஓடிவந்தார்கள். நான் போர்வையை விலக்கினேன்.

மாக்கட்டு கெண்டைக்காலுக்கு மேலே குறுக்கே வெடித்து, விரல் நுழைகிற அளவுக்கு வாய் பிளந்திருந்தது. சுந்தரி அந்த வெடிப்பின் இரண்டு பக்கத்தையும் இரண்டு கையாலும் சேர்த்து அழுத்திப் பிடித்திருந்தாள். அந்த வளைவிலிருந்து லயம் வரை அப்படித்தான் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறாள். கையை எடு என்று சொன்னேன். விரல்கள் மடங்கிப்போய் எடுக்க வரவில்லை.

"ஏன்டி சொல்லல?"

"அப்பா கை நடுங்கிச்சேம்மா. இதயும் சொன்னா அவரு எப்புடி வண்டி ஓட்டுவாரு?"

அவர் பலகைப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"கட்டய நான்தான் அவ காலுக்கு வச்சேன்" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். அவர் மட்டும் பழியைச் சுமக்கக் கூடாது என்று எனக்குப் பட்டது.

தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் ஐயாவைக் கூட்டிவர ஆள் ஓடியது. நான் குனிந்து, "விரல ஆட்டு தாயி" என்றேன்.

விரல் ஆடவில்லை.

"ஆட்டுறேம்மா. ஆட்டிக்கிட்டுத்தான் இருக்கேன்."

"இன்னொருக்கா."

சுண்ணாம்புப் பொடி படிந்த பெருவிரல் அப்படியே கிடந்தது. கும்பிடாத சாமி பாக்கியில்லை எனக்கு. பிறகு, மெள்ள, பெருவிரல் ஒரு தரம் கீழே போய் மேலே வந்தது. பக்கத்து விரலும் கூடவே அசைந்தது.

அழகையா தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். அழுதுகொண்டிருக்கும்போதே அவருடைய இடக்கை தானாக நீண்டு, அந்தப் பெருவிரலைப் பிடித்துக்கொண்டது.